கடைசியாகத் தொட்டவர்

மிசுஹமா தொடக்கப்பள்ளியில் மாணவர் மன்றம் கூடுவது சமையல் பயிற்சி அறையில். மற்ற நாட்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே முட்டை அவிக்கக் கற்றுக்கொள்வார்கள். பாதிப் பேர் முட்டையை வெடிக்க வைக்கக் கற்றுக்கொள்வார்கள். மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை ஆறாம் பாடவேளையில் மட்டும் அந்த அறைக்கு வேறு முகம் வந்துவிடும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தொட்டியும் குழாயும் பதித்திருப்பதால் மேஜைகளை நகர்த்த வழியில்லை. ஆகவே பள்ளியின் முந்நூற்று நாற்பது பிள்ளைகளையும் ஆளும் பதினைந்து பேர் குழாய்களைச் சுற்றித்தான் அமர்வார்கள்.

ஹமுரா மினோரி அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தி ஆனது தகுதியால் அல்ல. நான்காம் வகுப்பிலிருந்துதான் மன்றத்துக்கு ஆள் அனுப்புவார்கள், வகுப்புக்கு இரண்டு பேர். அவள் வகுப்பில் ஹயாதே தானாகக் கை தூக்கினான். மாதம் ஒரு நாள் கணக்குப் பாடம் தப்பும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. கல், கத்தரி, காகிதம் என்று கையால் போட்டி போட்டார்கள். ஜெயித்தவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள். கடைசிவரை தோற்றுக்கொண்டே வந்த மினோரி மக்கள் பிரதிநிதி ஆனாள்.

அறை வாசலில் ஹயாதே அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய் ஆமை, காகிதம் எங்க?"

"கையிலதான் இருக்கு. கண்ணு தெரியலையா?"

"தலைகீழா பிடிச்சிருக்கே."

மினோரி காகிதத்தைத் திருப்பிப் பிடித்தாள். இருவரும் உள்ளே காலை வைத்தார்கள். ஹயாதே நாற்காலியை இழுத்து, இடுப்பை லேசாக வளைத்து, பெரியவர்களைப்போல மரியாதையாக "ஹமுரா சான், நீங்க முதல்ல உட்காருங்க" என்றான். மினோரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு ஹமுரா யாரும் வரவில்லை.

அந்த அறை அப்படிப்பட்டது. வராந்தாவில் ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு வந்தவர்கள், நிலைப்படியைத் தாண்டியதும் தூதர்கள் ஆகிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் வகுப்பின் பெயர் எழுதிய அட்டை நின்றது. எல்லாப் பென்சில்களும் ஒரே பக்கம் பார்த்தன. மினோரிக்குத் தன் மூச்சு சத்தமாக இருப்பதுபோலத் தோன்றியதால் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

நடு மேஜையில் தலைவர் கனாமே எழுந்தாள். ஆறாம் வகுப்பு. தடித்த கண்ணாடி, காதுவரை வெட்டிய தலைமுடி. பிப்ரவரியில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளர் மதியச் சாப்பாட்டில் வாரம் இரண்டு முறை புட்டிங் என்றான். இன்னொருத்தி இடைவேளையை ஐந்து நிமிஷம் நீட்டுவேன் என்றாள். கனாமே மேடை ஏறி, "மன்றத்துல சொன்னதை எல்லாம் எழுதுவோம். எழுதினதை எல்லாம் உங்க முன்னாடி படிப்போம். அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டாள். புட்டிங் தோற்றது. எப்படித் தோற்றது என்று இன்றுவரை எவருக்கும் விளங்கவில்லை. அந்தப் பையனும்கூடக் கனாமேக்குத்தான் ஓட்டுப் போட்டானாம்.

"மே மாதக் கூட்டத்தைத் தொடங்குவோம்" என்றாள் கனாமே.

எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். மினோரியும் குனிந்தாள், நெற்றி குழாயில் இடித்தது. வலித்தது. ஆனால் அப்பேர்ப்பட்ட இடத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொள்வது முறையாகாது என்று தோன்றியது. இடித்த குழாய் மட்டும் அன்று முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் யூசாகு, ஐந்தாம் வகுப்பு, அன்றைய பொருளைக் கரும்பலகையில் எழுதினான்: 'பந்துகள் வெளியே கிடக்காமல் இருக்க என்ன செய்வது?'

விஷயம் சின்னதில்லை. ஏப்ரலில் பள்ளி திறந்ததிலிருந்து நான்கு பந்துகள் மழையில் ஊறின. ஐந்தாவது பந்து மதிலைத் தாண்டி ஜப்பான் கடலில் விழுந்து, வலையில் சிக்கி, ஒரு மீனவர் கையில் மாட்டியது. அவர் ரப்பர் பூட்ஸோடு நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்து, "இது எந்த வகை மீன்னு சொன்னீங்கன்னா ஏலத்துக்கு அனுப்பிடுவேன்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். இன்னும் ஒரே ஒரு பந்து வெளியே கிடந்தாலும் எல்லா வகுப்புப் பந்துகளும் கோடை விடுமுறைவரை அலமாரிக்குள் போகும். அதற்குள் மன்றமே ஒரு வழி சொல்லட்டும் என்று விட்டார்கள்.

பந்தை எடுத்து வைக்க ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது: கடைசியாகத் தொட்டவர்தான் எடுத்து வைக்க வேண்டும். இது பள்ளிக் கையேட்டில் கிடையாது. எந்த ஆசிரியரும் சொல்லித்தந்ததில்லை. முதல் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். தலைமையாசிரியரும் சிறுவயதில் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். யார் இயற்றினார்கள் என்று கேட்டால் விடை இல்லை. நாட்டில் மீறப்படாத சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மீறத்தான் முடியாது, தள்ளிவிடலாம். காலை நீண்ட இடைவேளை முடிந்து மணி அடித்ததும், பந்தை வைத்திருப்பவர் அதை இன்னொருவர் மேல் எறிந்துவிட்டு ஓடுவார். பட்டவர் கடைசியாகத் தொட்டவர். அவரும் எடுத்து வேறொருவர்மேல் எறிவார். அங்கே மணி என்பது ஒலிபெருக்கியில் வரும் மெட்டு. அதன் பதினாறு ஸ்வரங்களும் ஓய்வதற்குள் பந்து ஏழெட்டுக் கை மாறி, யாருக்கு எறிய ஆள் மிஞ்சவில்லையோ அவரிடம் நிற்கும். கடைசியாகத் தொட்டது யார் என்று தகராறு வந்த நாட்களில்தான் பந்து வெளியே கிடந்தது.

நான்காம் வகுப்பு முதல் பிரிவில் அது மினோரியிடம்தான் நிற்கும். காரணம் இரண்டு. அவள் மெதுவாக ஓடுவாள். தரையிடம் அனுமதி கேட்டுக் கேட்டு ஓடுவதுபோல இருக்கும். இது ஹயாதே சொல்லும் காரணம். இன்னொன்றை அவள் மட்டுமே அறிவாள். பந்து தன்னை நோக்கி வந்தால் அவளுக்கு அதைப் பிடிக்காமல் இருக்கத் தெரியாது. எதிரணியினர்மேல் பந்தெறிந்து அவுட்டாக்கும் அந்த ஆட்டத்தில் ஹயாதேயின் எறியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிற ஒரே ஆள் அவள்தான். அந்த 'டப்' சத்தத்துக்காகவே காலையில் எழுந்து பள்ளிக்கு வந்தாள் என்று சொல்லலாம். மணி அடித்த பிறகும் அந்தக் கைகள் பிடித்துவிடும். கைகளுக்கு மணி கேட்காது.

பிறகு தனியே மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து, உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கூடையில் பந்தைப் போட்டு, வந்து வெளி ஷூவைக் கழற்றி உள் ஷூ மாட்டி, மாடி ஏறுவதற்குள் மூன்றாம் பாடவேளை தொடங்கியிருக்கும். ஒருவர் தாமதமானாலும் வகுப்புக்கு அன்றைய பச்சை நட்சத்திரம் கிடையாது. மே மாதம் வரைக்கும் மற்றப் பிரிவுக்கு இருபத்திரண்டு நட்சத்திரம். இவர்களுக்கு ஆறு. மினோரிக்கு ஜலதோஷம் பிடித்து லீவு போட்ட நாட்கள் ஆறு.

ஆகவே வகுப்புக் கூட்டத்தில் ஹயாதே ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். கடைசியாகத் தொட்டவர் பந்தை வெளியே விட்டாலோ, எடுத்து வைத்துவிட்டுத் தாமதமாக வந்தாலோ, ஒரு வாரம் பந்து விளையாடக் கூடாது. இருபத்தேழு கைகள் ஆதரவாக எழுந்தன. ஒரு கை எதிர்த்தது. டீச்சர் காரணம் கேட்டபோது மினோரி, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வாரத் தடை முடிந்து திங்கட்கிழமை ஆட வருவாள். திங்கட்கிழமை மணி அடிக்கும். மறுபடி ஒரு வாரம். ஆறாம் வகுப்பு முடியும்வரை அவளுக்குத் திங்கட்கிழமைகள் மட்டுமே மிஞ்சும். அதிலும் அரசு விடுமுறைகள் திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் வருகின்றன.

இந்தச் சட்டம் எல்லா வகுப்புக்கும் ஆகட்டும் என்று மன்றத்தில் முன்மொழிய வேண்டும். இரண்டு பிரதிநிதிகளில் யார் வாசிப்பது? அதற்கும் கல், கத்தரி, காகிதம். அதிலும் மினோரி தோற்றாள். அந்தக் காகிதம்தான் இப்போது அவள் கையில் இருந்தது.

மற்ற வகுப்புகள் முதலில் பேசின. ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவு கையில் பட்டை கட்டிய பந்துக் காவல் படை கேட்டது. யார் படையில் சேர்வார்கள் என்று கனாமே கேட்டபோது, அதே வகுப்பு பென்சில்களை நேராக்கத் தொடங்கியது. நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவு, பந்துகளை ஆசிரியர்களே எடுத்து வைக்கலாம் என்றது. மூலையில் அமர்ந்திருந்த பொறுப்பாசிரியர் நிவா சார் இருமினார். அந்தத் தீர்மானம் அந்த இருமலோடு முடிந்தது.

"அடுத்து, நான்காம் வகுப்பு முதல் பிரிவு."

மினோரி எழுந்தாள். வகுப்பின் முடிவை மட்டுமே சொல்ல வேண்டும், சொந்த அபிப்பிராயம் கலக்கக் கூடாது என்பது மன்றத்தின் முறை. அவள் முறை தவறவில்லை. தன்னைத் திங்கட்கிழமைகளில் அடைக்கப்போகும் தீர்மானத்தைக் கடைசி வரிவரை திக்காமல் வாசித்தாள். 'ஆதரவு இருபத்தேழு, எதிர்ப்பு ஒன்று' என்று முடித்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கு" என்றது ஆறாம் வகுப்பு. "நாங்க ஆதரிக்கிறோம். காரணம், தெளிவா இருக்கு." ஐந்தாம் வகுப்பும் ஆதரித்தது. யூசாகு சுண்ணக்கட்டியை எடுத்து, நிறைவேறியது என்று வட்டம் போடத் தயாரானான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் கனாமே. காகிதத்தை வாங்கிக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள். "எதிர்ப்பு ஒன்று. காரணம் போடற இடம் காலியா இருக்கே?"

ஹயாதே எழுந்தான். "காரணம் ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொன்னாங்க, தலைவரே."

"காரணம் இல்லாம யாரும் தனியா கை தூக்க மாட்டாங்க" என்றாள் கனாமே. "அதை எழுதாம முடிவு எடுக்க முடியாது. அவங்களைக் கேட்டுச் சொல்ல முடியுமா, ஹமுரா சான்?"

மினோரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பதினான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. குழாய் சொட்டியது. மறுபடி சொட்டியது. நிவா சார் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"சரி, நேரமாகுது. அதை அடுத்த மாசம் பார்த்துக்கலாமே…"

"மன்னிக்கணும் சார்" என்றாள் கனாமே. "காத்திருக்கறதும் கூட்டத்துல சேர்த்திதான்."

நிவா சார் உட்கார்ந்தார்.

ஆசிரியர்கள் உட்காருவதை மினோரி அதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். ஒரு மாணவி சொல்லி உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை. வானம் இடிந்து விழவில்லை. நிவா சாரே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரும் காத்திருந்தார். இத்தனை பெரிய மௌனம் ஒன்றை இத்தனை பேர் தனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது மினோரி எழுந்து நின்றாள்.

"அவங்க இங்கதான் இருக்காங்க" என்றாள்.

"யாரு?"

"நான்தான்."

ஹயாதே மேஜைத் தொட்டிக்குள் எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

"காரணம் சொல்லுங்க" என்றாள் கனாமே, குரலை மாற்றாமல்.

"மணி அடிக்கறப்போ எல்லாரும் என் மேல போடறாங்க. நான் பிடிச்சிடறேன்."

"பிடிக்காம விட்டுடுங்களேன்" என்றான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்.

"எனக்கு அது வர மாட்டேங்குது."

இரண்டு பேர் சிரித்தார்கள். கனாமே சிரிக்கவில்லை, சிரித்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆறாம் வகுப்புப் பையன் விடவில்லை. "யாரும் வேணும்னு போடறதில்ல, தலைவரே. மணி அடிச்சா பந்து எங்கயாவது போகத்தானே செய்யும்?"

"ஆமா" என்றான் ஹயாதே தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி. "அது தானா போகுது."

"தானாவா?"

"தானா."

"எப்பவும் ஹமுரா சான்கிட்டயே?"

ஹயாதே யோசித்தான். "அவங்க நிக்கற பக்கம் கடல்காத்து அடிக்குது."

கனாமே இதையும் எழுதச் சொன்னாள். யூசாகு எழுதினான்: 'கடல்காற்று.' பிறகு அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"தானா போகுதா, யாராவது போடறாங்களான்னு இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது. போய்ப் பார்ப்போம்."

பதினைந்து பேரும் வரிசையாக மாடி இறங்கி, உள் ஷூக்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, வெளி ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். மன்றம் நேரில் ஆய்வுக்குப் போவது பள்ளி வரலாற்றிலேயே முதல் முறை என்று நிவா சார் பிறகு ஆசிரியர் அறையில் சொன்னார். அப்போது அவருக்கே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்.

"பள்ளி மணியை நமக்காக அடிக்க மாட்டாங்க" என்றாள் கனாமே. "சார், நீங்கதான் மணி."

"நான் மணியா?"

"வாயால அடிச்சாப் போதும் சார்."

இரண்டு அணி பிரித்தார்கள். யூசாகு மட்டும் அட்டையும் பென்சிலுமாகக் கோட்டுக்கு வெளியே நின்றான். கனாமே எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "யாரும் நல்லவங்களா நடிக்கக் கூடாது. மத்த நாள்ல எப்படியோ அப்படியே. ஆனா மணி அடிச்சதும் பந்து எப்படிப் போகுதுன்னு கவனிக்கணும்."

"சரி!" என்றன பதினான்கு குரல்கள்.

ஆட்டம் முதலில் சவ ஊர்வலம்போல இருந்தது. பந்தை எறிவதற்கு முன் ஒருவருக்கொருவர் தலை வணங்கினார்கள். இரண்டு நிமிஷத்தில் அது போய்விட்டது. ஹயாதே முட்டிக்குக் குறிவைத்து எறிந்தான். யாரோ "டேய், அவுட்டு!" என்று கத்தினார்கள். மினோரி ஒரு எறியைப் பிடித்தாள், 'டப்'. தலைவர் கனாமே கண்ணாடியைக் கழற்றி யூசாகு கையில் திணித்துவிட்டு வந்து, பந்தைப் பிடுங்கி, நாக்கை மடித்துக்கொண்டு குறிபார்த்தாள். அந்த நேரம் பார்த்து நிவா சார் மணியானார்.

"டிங்… டாங்… டிங்…"

அவருக்குப் பதினாறு ஸ்வரமும் தெரியும். நான்காவது தேவைப்படவில்லை.

பந்து கனாமே கையில் இருந்தது. அவள் தலை இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது, நின்றது. பந்து வந்தது. மினோரியின் கைகள் பிடித்தன. அவள் நிமிர்ந்தபோது மைதானத்தில் மன்றம் இல்லை. புழுதி இருந்தது. துணைத்தலைவர் ஓடிவிட்டார், மற்றப் பிரதிநிதிகள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், ஆட்டத்தில் சேராத செயலாளர் அட்டையை மணலில் எறிந்துவிட்டு ஓடிவிட்டார். நிவா சார்கூடக் கட்டடத்தை நோக்கி இரண்டு அடி வைத்து, தான்தான் மணி என்பது நினைவுக்கு வந்து, ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

மினோரி பந்தை எடுத்துக்கொண்டு கூடையை நோக்கி நடந்தாள். கையில் பந்து இருந்தால் அவள் கால்கள் அந்தப் பக்கம்தான் போகும்.

ஷூ பெட்டிகள் இருக்கும் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பாதி மைதானம் கடந்தபோது பின்னால் ஒருவர் நடந்து வரும் ஓசை வந்தது. திரும்பினாள். கனாமே. ஒரு காலில் வெள்ளை உள் ஷூ, மறு காலில் வெளி ஷூ. உள் ஷூவோடு மண்ணை மிதிப்பது அந்தப் பள்ளியில் சாதாரணக் குற்றமல்ல. அவள் மிதித்துக்கொண்டே வந்தாள்.

"ஹமுரா சான், நில்லுங்க."

மினோரி நின்றாள்.

"பந்து தானா வரல" என்றாள் கனாமே. மூச்சு வாங்கியது. "நான் தேடினேன். இந்தப் பக்கம் பார்த்தேன், ஹயாதே இருந்தான். அவன் தப்பிச்சிடுவான். அப்புறம் நீங்க கண்ணுல பட்டீங்க." அவள் நிறுத்தினாள். "நிம்மதியா இருந்துச்சு. அப்புறம்தான் போட்டேன்."

பிறகு இடுப்பை மடித்துக் குனிந்தாள். ஆறாம் வகுப்பின் தலை நான்காம் வகுப்பின் முட்டி உயரத்துக்கு வந்தது. கடல்காற்று அவள் தலைமுடியைக் கலைத்தது, அவள் நிமிரவில்லை. மினோரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்தோடு சேர்ந்து அவளும் குனிந்தாள். அரசர்களை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. ஆனால் அரசர் ஒருவர் இருந்தால் இப்படித்தான், ஒரு ஷூவை மாற்றிப் போட்டபடி இருப்பார் என்று அந்தக் கணத்தில் அவள் முடிவுசெய்தாள்.

ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்தார்கள். யூசாகு அட்டையை மணலிலிருந்து எடுத்துத் தட்டினான்.

"எழுதுங்க" என்றாள் கனாமே, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு. "தலைவர் தேடிப் பார்த்து எறிந்தார். பிறகு ஓடினார்."

"ஓடினார்னு எழுதணுமா?"

"ஓடினேனே."

யூசாகு எழுதினான். பென்சிலை அட்டையிலிருந்து எடுக்காமலே, "நானும் ஓடினேன்" என்றான்.

"அதையும் எழுதுங்க."

"நானும்" என்றது ஐந்தாம் வகுப்பு. "நானும்." "நானும்தான்." ஆறாம் வகுப்புப் பையன், "எங்க வகுப்புலயும் ஒருத்தன் இருக்கான், அவன் பேரைச் சொல்லலாமா?" என்று கேட்டான். சொன்னான்.

ஹயாதே கடைசியில் நின்றான். மண்ணைக் காலால் கிளறினான். "நான் எல்லா நாளும்" என்றான்.

"எல்லா நாளும்னு எழுதுங்க. கடல்காத்தை அடிச்சிடுங்க."

நிவா சார் தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு அடிதான் எடுத்து வெச்சேன்."

"ரெண்டு அடின்னு எழுதுங்க" என்றாள் கனாமே.

பிறகு அவள் மினோரியைப் பார்த்துக் கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

தோற்பதால் கிடைத்த பதவிக்கு இப்படியொரு கேள்வியும் வரும் என்று மினோரிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். எல்லாரும் மறுபடி காத்திருந்தார்கள். இப்போது அவர்களுக்கு அது பழகிவிட்டது.

"பந்தை எடுத்து வைக்கறது கஷ்டமில்ல. நானே வைக்கறேன். எல்லாரும் போயிடறீங்க, அதுதான்…"

அங்கேயே, மைதானத்தின் நடுவிலேயே, தீர்மானம் ஆனது. கடைசியாகத் தொட்டவரே பந்தை எடுத்துப் போகலாம். தொன்றுதொட்டு வந்த சட்டத்தில் மன்றம் கைவைக்கவில்லை. ஆனால் பந்து கூடையில் விழும்வரை அதோடு விளையாடியவர் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு வாரம் செய்து பார்ப்பது. ஆதரவு பதினைந்து.

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் கனாமே மேடை ஏறினாள். ஏறுவதற்கு முன் நிவா சார் அவள் பக்கம் சாய்ந்து, "தீர்மானத்தை மட்டும் படிச்சாப் போதுமே" என்று மெல்லச் சொன்னதை முதல் வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். "எழுதினதைத்தானே சார் படிக்கணும்" என்று அவள் சொன்னதையும் கேட்டார்கள்.

படித்தாள். தலைவர் தேடிப் பார்த்து எறிந்தார், பிறகு ஓடினார் என்று ஒலிபெருக்கியில் படித்தாள். பதினான்கு ஓட்டங்களையும் படித்தாள். இரண்டு அடி என்ற இடத்தில் தலைமையாசிரியர் நிவா சாரைத் திரும்பிப் பார்த்தார். முந்நூற்று நாற்பது பேர் இருந்த கூடத்தில் ஒரு தும்மல் இல்லை. முதல் வகுப்புக் குழந்தைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என்றால் ஓடமாட்டார் என்று நினைத்திருந்தார்கள். ஓடுவார், ஓடியதைச் சொல்லவும் செய்வார் என்பது அந்த வயதுக்குப் பெரிய செய்தி. அவள் இறங்கியபோது கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் தட்டவில்லை. தட்டாதது இன்னும் பெரிதாக இருந்தது.

அன்றைய நீண்ட இடைவேளையில் மினோரி மூன்று பந்து பிடித்தாள். மணி அடித்தது. அடித்த வேகத்தில் ஹயாதேயின் கையிலிருந்து நான்காவது வந்தது, அதையும் பிடித்தாள். எல்லாரும் ஓடினார்கள். ஹயாதே பத்து அடி ஓடி, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்றான். அவன் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"கை பழக்கம்" என்றான் ஹயாதே வானத்தைப் பார்த்து. "நட, நட. நட்சத்திரம் போயிடும்."

மினோரி நடந்தாள். பின்னால் இருபத்தேழு பேர் நடந்தார்கள்.

"கொஞ்சம் வேகமா நடடி! எனக்கு அவசரமா போகணும்" என்று ஒருவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கெஞ்சினான்.

"நடந்துட்டுத்தானே இருக்கேன்."

"நீ நடக்கற நடைக்குக் கூடையே இங்க வந்துடும்" என்றான் ஹயாதே. ஆனால் அவளை முந்தவில்லை. யாருமே முந்தவில்லை. முந்தினால் கூடையருகே நின்று காத்திருக்கத்தான் வேண்டும்.

பாதி வழியில் அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். மைதானத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வகுப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் பந்தை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். பின்னால் மொத்த வகுப்பும். திருவிழாவில் தெருவுக்கொரு சப்பரம் கிளம்பி ஒரே கோயிலை நோக்கி வருவதுபோல, பன்னிரண்டு பந்துகள் அந்த ஒரு இரும்புக் கூடைக்கு ஊர்வலமாக வந்தன. ஆறாம் வகுப்பின் பந்தைத் தூக்கி வந்தது கனாமே. யாரோ அவளைத் தேடிப் பார்த்து எறிந்திருக்கிறார்கள். முதல் வகுப்பின் பந்தைத் தூக்கி வந்த குழந்தை பந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அது மினோரியைவிடவும் மெதுவாக நடந்தது.

கூடையருகே முதலில் வந்து சேர்ந்தது மினோரிதான். பந்தைப் போடாமல், அந்தக் குழந்தைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஐயோ, இப்ப எதுக்கு நிக்கறே?" என்றான் ஹயாதே.

"வரட்டும்" என்றாள் மினோரி.

இருபத்தேழு பேரும் நின்றார்கள். குதித்துக்கொண்டிருந்தவனும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.